சாய்மானம்

“கையத் தொங்க விடாதீங்கம்மா. ரெண்டு கையும் தலகாணி மேல வந்துரட்டும். அதுக்கு மேல தலை. அவ்ளோதான்,” என்றாள் பிசியோ, மூச்சுப் பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வருகிற பெண்.

சாப்பாட்டு மேசையில் மூன்று தலையணைகளை அடுக்கி வைத்திருந்தாள். நாற்காலியை மேசையோடு ஒட்டிப் போட்டு, அதில் மைக்கக்காவை உட்கார வைத்து, கால்களைச் சற்று அகட்டி, இடுப்பிலிருந்து முன்னால் சாயச் சொன்னாள். முழங்கை முதல் விரல் நுனி வரை தலையணைமேல் கிடந்தது. கன்னத்தை அதில் வைத்தாள் மைக்கக்கா. கடைசி பெஞ்சில் வாத்தியார் முதுகைக் காட்டும் நேரம் பார்த்துத் தூங்குகிற பிள்ளை மாதிரி. இந்த வயதில் இதற்கு ஒருத்தி வீடு தேடி வந்து பாடம் நடத்துகிறாளே என்று சிரிப்பு வந்தது. சிரிப்புக்கு மூச்சு கட்டுப்படியாகாது என்று அதை அப்படியே விட்டுவிட்டாள். குளியலறையிலிருந்து மேசைக்கு நடந்து வந்ததற்கே நெஞ்சு கொல்லன் துருத்திபோல் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது. காற்று வெளியே நிறைய இருந்தது. சன்னல் திரையை ஆட்டியது, காலண்டர் தாளைப் புரட்டியது. அவளுக்குள் வருகிற வழி மட்டும் ஊசிக்காது அளவுக்குச் சுருங்கிப் போயிருந்தது.

“இப்பத் தோள் சும்மா இருக்கு பாருங்க. கையோட பாரத்தத் தலகாணி வாங்கிக்கிச்சு. இனிமே அந்தத் தசையெல்லாம் விலா எலும்பத் தூக்கிக் குடுக்கற வேலைய மட்டும் பாக்கும். வயிறும் தளந்து முன்னால வந்துருச்சு, கீழேருந்து நெஞ்ச முட்டாது. மூக்கால மெல்ல இழுங்க. உதட்டக் குவிச்சு விடுங்க. எதிர்ல மெழுகுவத்தி இருக்குன்னு வெச்சுக்கங்க. அணைக்கக் கூடாது, சுடர் ஆடினாப் போதும்.”

சுடர் ஆடியது. முதலில் படபடவென்று, பிறகு கொஞ்சம் நிதானமாக. கழுத்து நரம்புகள் புடைப்பு அடங்கின. உள்ளே எங்கோ இறுகிக் கிடந்த முடிச்சு ஒன்று ஒரு சுற்று தளர்ந்தது. அவிழவில்லை, தளர்ந்தது மட்டும்தான். அதுவே இப்போதைக்குப் பெரிய வரம்.

இப்படிச் சாய்ந்தால் வீடும் சாய்ந்துவிடும். சன்னல் படுத்துக்கொள்ளும். குளிர்சாதனப் பெட்டி மல்லாந்துவிடும். கூடத்து மூலையில் உறுமிக்கொண்டிருக்கும் ஆக்சிஜன் இயந்திரமும், அதிலிருந்து தரையில் நெளிந்து வந்து அவள் மூக்கில் முடியும் குழாயும் மட்டும் நேராக இருப்பதுபோல் தெரியும். மருத்துவமனையிலிருந்து அவளை ஒரு நாற்காலியில் வைத்து இரண்டு பேர் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்தார்கள். லிஃப்ட் இல்லாத கட்டடம். அன்றிலிருந்து குழாய் எட்டுகிற தூரம்தான் வீடு, வீடுதான் உலகம். சமையலறையில் அடுப்புவரை எட்டாது. பால்கனியில் ஒற்றைக் கால் வைக்கலாம்.

வாசலருகே அவள் கணவரின் பாதங்கள் தெரிந்தன. பிசியோ வரும் நேரமெல்லாம் அவர் அங்கேதான் நிற்பார், வீட்டுக்காரர் மாதிரி இல்லாமல், ஏதோ பில் கொடுக்க வந்தவர் மாதிரி. மின்வாரியத்தில் மீட்டர் கணக்கெடுத்தவர். ஆயுள் முழுக்க அடுத்தவர் வாசலில் நின்றே பழகியவர்.

அப்போது தலைக்கு மேலே, கூரைக்கு அப்பால், தடதடவென்று ஒரு சத்தம். பின்னாலேயே அடித்தொண்டையில் ஒரு குனுகல்.

பிசியோ நிமிர்ந்து பார்த்தாள். “மேல யாராவது குடியிருக்காங்களா?”

“தண்ணி டேங்க்,” என்றார் அவர் உடனே. “பழசு. நெறஞ்சா சத்தம் வரும்.”

மைக்கக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவள் அவள். கண்ணாடி அறை, முன்னால் ஒலிவாங்கி. ஒரு தடத்தில் உள்ள ஊர்களையெல்லாம், இடையில் ஒரு சொட்டுக் காற்று வாங்காமல், ஒரே மூச்சில் சொல்லி முடிப்பாள். பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன்கூட ஒரு கணம் நின்று அந்தக் குரலைக் கேட்டுவிட்டுத்தான் ஓடுவான் என்று சக ஊழியர்கள் கேலி செய்வார்கள். குடியிருப்பில் எல்லோருக்கும் அவள் மைக்கக்காதான். சொந்தப் பெயர் குடும்ப அட்டையில் மட்டும் இருந்தது, அதுவும் கணவர் பெயருக்குக் கீழே.

இப்போது ஒரு மூச்சுக்கு மூன்று சொல். நல்ல நாளில் நான்கு. சொற்கள் ஒவ்வொன்றாகக் கழன்றதை அவள் கவனித்துக்கொண்டேதான் இருந்தாள். முதலில் போனவை ‘கொஞ்சம்’, ‘தயவு பண்ணி’ போன்ற மரியாதைச் சொற்கள். அப்புறம் வேடிக்கைப் பேச்சு. கடைசியாகச் சண்டை. சண்டைக்குத்தான் எவ்வளவு மூச்சு செலவாகும் என்பது அது போன பிறகுதான் தெரிந்தது. முப்பது வருடம் அந்த மனிதரோடு அவள் தாராளமாகச் செலவு செய்திருக்கிறாள்.

புறாக்கள் வந்தது அவர் ஓய்வு பெற்ற பிறகு. பிள்ளை இல்லாத வீடு. அதைப் பற்றிப் பேச வேண்டியதையெல்லாம் இருவரும் இளமையிலேயே பேசி முடித்திருந்தார்கள். நாளெல்லாம் தெருத்தெருவாக நடந்த கால், திடீரென்று நடக்க இடமில்லாமல் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் அலைந்தது. சைக்கிள் கடை நண்பர் ஒருவர் ஒரு ஜோடியைக் கொடுத்தார். அது நாலாகி, எட்டாகி, மொட்டைமாடியில் பலகையும் கம்பிவலையுமாக ஒரு தனிக் குடியிருப்பே எழும்பியது. மனிதர் நிமிர்ந்து நடக்க ஆரம்பித்தார். தூர ஊருக்குப் பேருந்தில் கொண்டு போய்ப் பறக்கவிடுவார், அவர் திரும்பி வருவதற்கு முன்னால் அவை வந்து உட்கார்ந்திருக்கும். சின்னப் பிள்ளைபோல அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்து போவார். அவருக்கு இடுப்பு வலி என்பதால் கூட்டைப் பெருக்கியது அவள். அந்தத் தூசி படிந்த சட்டைகளை உதறித் துவைத்ததும் அவள். குற்றம் சொல்ல முடியாது. ஒரு வெள்ளைப் பேடை அவள் உள்ளங்கையிலிருந்து மட்டும்தான் தின்னும், அதில் அவளுக்கும் ஒரு கர்வம் இருந்தது.

பிறகு இருமல். பிறகு படி ஏறினால் இளைப்பு. பிறகு படியே வேண்டாம், பல் துலக்கினால் இளைப்பு. மருத்துவமனையில் நுரையீரல் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இரண்டு பக்கமும் தழும்பு கட்டியிருக்கிறது, தூசி ஒவ்வாமையாக இருக்கலாம் என்றார். “வீட்டுல பறவை ஏதாவது வளக்கறீங்களா? கிளி, புறா, இந்த மாதிரி?” என்று கேட்டார்.

“இல்ல டாக்டர்,” என்றார் அவள் கணவர்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்ததுபோல, ஒரு மொட்டைமாடிக் கூட்டத்தையே ஒரு ‘இல்ல’யில் மறைத்துவிட்டார். மைக்கக்காவின் முகத்தில் முகமூடி. அதற்குள்ளிருந்து அவரைப் பார்த்தாள். அவர் டாக்டரின் மேசையிலிருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையை அசைத்திருக்கலாம். தலையை ஆட்டியிருக்கலாம். ஏன் செய்யவில்லை என்று பிறகு பல நாள் யோசித்தாள். நாலு பேர் முன்னால் அவரை விட்டுக்கொடுத்துப் பழக்கமில்லை, அது ஒன்று. சொன்ன வாய்க்கு வெட்கப்பட்டு வீட்டுக்குப் போனதும் அவரே அவற்றை அப்புறப்படுத்திவிடுவார் என்று ஒரு நம்பிக்கை, அது இன்னொன்று. அவள் வீடு வந்து சேர்ந்தாள். அவர் முன்புபோல அவள் கண்ணெதிரே மாடிக்குப் போகவில்லை. டேங்கைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனார். ஒரு நாளைக்கு எத்தனை முறை ஒரு தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க முடியும்?

அடுத்த தடவை பிசியோ வந்தபோது, “வெளிய போனா மேசை கூட வராதே,” என்று சொல்லிக்கொண்டே பையை இறக்கி வைத்தாள். சின்ன வயதுதான். ஆனால் கை பட்டால் அவசரம் தெரியாத கை. சுவரில் முதுகைச் சாய்த்து, பாதங்களைச் சற்று முன்னால் தள்ளி வைத்து, உள்ளங்கைகளைத் தொடையில் ஊன்றி நிற்கக் காட்டினாள். சன்னல் விளிம்பில் முன்கைகளை வைத்துக் குனிந்து நிற்கக் காட்டினாள். “படியில மட்டும் உக்காந்துராதீங்கம்மா. அவ்ளோ தாழ உக்காந்தா தொடை வயித்த அமுக்கும், வயிறு நெஞ்ச முட்டும். எந்திரிக்கவும் முடியாது.” பிறகு திரும்பி வாசலைப் பார்த்தாள். “ஒண்ணுமே கெடைக்கலன்னா மனுஷங்க இருக்காங்க. சார், இங்க வாங்க.”

அவர் அப்போதுதான் டேங்கைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். கால்சட்டையில் கையைத் துடைத்தபடி வந்து நின்றார். பிசியோ அவரைப் பாதங்களை அகட்டி ஊன்றச் சொன்னாள். மைக்கக்காவின் கைகளை எடுத்து அவர் தோள்களின்மேல் போட்டாள். “அவர் மேல அப்படியே பாரத்தப் போடுங்க. நெத்தியத் தோள்ல வைங்க. டான்ஸ் ஆடற மாதிரின்னு நெனச்சுக்கங்க.”

“நாங்க ஆடினதே இல்லையேம்மா,” என்றார் அவர். காது சிவந்திருந்தது.

ஆடினதில்லைதான். தொட்டுக்கொண்டே எத்தனையோ வருடமாகிவிட்டது. கோபம் ஒன்றும் இல்லை. எதிரெதிர்த் தடத்தில் ஓடும் பேருந்துகள் ஒலியெழுப்பிக் கடந்துபோவதுபோல இருவரும் அந்த வீட்டில் கடந்து போய்க்கொண்டிருந்தார்கள். இப்போது அவர் தோள் எலும்பு அவள் மணிக்கட்டில் குத்தியது. மெலிந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டே நெற்றியை வைத்தாள். மூச்சை இழுத்தாள்.

காய்ந்த தானியமும் கதகதப்பான இறகும் புழுதியும் கலந்த வாடை. தொண்டையில் யாரோ கம்பளி நூலை விட்டு இழுத்ததுபோல அரித்தது. இருமல் புறப்பட்டது, நிற்கவில்லை. விரலில் மாட்டியிருந்த, ஆக்சிஜன் அளவு காட்டும் கருவியில் எண் சரசரவென்று இறங்கியது. பிசியோ அவளை இழுத்து வந்து மேசையில் சாய்த்துப் போட்டாள். முதுகில் கை வைத்துக்கொண்டு, “சுடர், சுடர்,” என்று காதருகே சொல்லிக்கொண்டிருந்தாள். எண் ஏற வெகு நேரமானது.

பிறகு பிசியோ எழுந்து அவரிடம் போனாள். அவர் சட்டைக் காலரிலிருந்து எதையோ கிள்ளி எடுத்தாள். சாம்பல் நிறத்தில், புகைபோல, ஒரு சின்னத் தூவி.

“இது என்ன சார்?”

“காத்துல வந்திருக்கும்.”

மைக்கக்கா தலையணையிலிருந்து முகத்தைத் தூக்கினாள். கையில் மூன்று சொல்லுக்கான மூச்சு இருந்தது.

“புறா,” என்றாள். “மேல. நெறைய.”

பிசியோ இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். “டாக்டர் உங்ககிட்ட கேக்கவே இல்லையா?”

“கேட்டாரு. இல்லன்னு சொன்னோம்.”

சொன்னோம். அந்த ‘ஓம்’ எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. அவர் சட்டென்று அவளைப் பார்த்தார், தன் தலைச்சுமையில் பாதியை யாரோ கேட்காமலேயே இறக்கி வாங்கிக்கொண்டதைப் போல.

பிசியோ கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “சார், நான் தலகாணிய மாத்தி மாத்தி வைக்கலாம். உக்கார வைக்கலாம், நிக்க வைக்கலாம். அவங்க இழுக்கற காத்து அதேதானே?” என்றாள். டாக்டரிடம் தானே பேசுவதாகச் சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அவள் செருப்புச் சத்தம் படியில் தேய்ந்து மறையும்வரை அவர் நின்ற இடத்திலேயே நின்றார்.

“அந்த நேரத்துல வாய்ல வந்துருச்சு,” என்றார்.

“அப்புறம்?”

“அப்புறம்... எப்படிச் சொல்றதுன்னு தெரியல.”

மறுநாளே கூடைகளில் அடைத்து, நகரத்தின் மறுகோடியில் இருந்த சைக்கிள் கடை நண்பர் வீட்டுக்குக் கொண்டு போனார். மத்தியானம் அவர் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் பால்கனிக் கம்பியில் இரண்டு வந்து உட்கார்ந்திருந்தன. அவர் முகத்தில் ஒரு கணம் பழைய ஒளி வந்தது, உடனே அவளைப் பார்த்து அதை அணைத்துக்கொண்டார். மறுபடி கொண்டு போனார். மறுபடி வந்தன. “அதுங்களுக்கு வேற வீடு தெரியாது,” என்றார், யாருக்கோ சாக்குச் சொல்வதுபோல. கடைசியில் நண்பர் எல்லாவற்றின் இறக்கையையும் நூலால் கட்டிப் போட்டார். அதை வீட்டுக்கு வந்து அவரே அவளிடம் சொன்னார். சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் எழுந்து போனார்.

கூட்டை அவர் பிரித்த நாளில் அவள் கட்டிலில் ஒருக்களித்து, தலைமாடு உயர்த்தி, பிசியோ காட்டியபடி முதுகுக்கும் வயிற்றுக்கும் தலையணை அண்டக் கொடுத்துப் படுத்திருந்தாள். மேலே சுத்தியல் விழுந்தது. ஒவ்வோர் ஆணியாகப் பிடுங்குகிற கீச்சொலி கூரை வழியாக அவள் எலும்பில் இறங்கியது. பிறகு தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற சத்தம். பிறகு ஒன்றுமில்லை. இத்தனை வருடமாகத் தன் தலைக்குமேல் ஓயாமல் ஒரு பேச்சு நடந்துகொண்டிருந்தது என்பதே அது நின்ற பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

டாக்டர் மருந்தை மாற்றினார். விழுந்த தழும்பு போகாது, இனி விழாமல் பார்க்கலாம் என்றார். மூன்று சொல் ஐந்தாயிற்று. குழாயைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் இருக்க முடிந்தது. பிசியோ அவளைப் படியில் இறக்கிப் பழக்கினாள். ஒரு படி இறங்கி ஒரு மூச்சு, கைப்பிடியை விடாமல், முதல் அடுக்கு முடியும்வரை போய் வந்தார்கள்.

உடம்புக்குக் கொஞ்சம் வழி கிடைத்தது. வீட்டுக்குள் வழி அடைத்துக்கொண்டது. அவர் விழுந்து விழுந்து பணிவிடை செய்தார். தலையணை உறைகளைத் தினமும் துவைத்தார். தரையை ஈரத்துணியால் காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை துடைத்தார். அவள் எழுந்தால் எழுந்தார், நின்றால் நின்றார். செய்து முடித்த ஒவ்வொன்றும் ஒரு கம்பியாக அவளைச் சுற்றி நட்டுக்கொண்டது. நோயைக் கொடுத்த மனிதருக்கு நன்றி எப்படிச் சொல்வது? உயிரான ஒன்றைத் தனக்காகக் கொண்டு போய் விட்டுவிட்டு வந்தவரைத் திட்டுவதுதான் எப்படி? வேலை முடிந்ததும் அவர் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து எதிர்ச்சுவரைப் பார்ப்பார். அந்தச் சுவரில் ஒன்றும் இல்லை. அவர் பார்ப்பதை இவள் பார்ப்பாள். இயந்திரம் உறுமிக்கொண்டிருக்கும்.

பிறகு அவர் மத்தியானங்களில் நடக்கப் போனார். “காலு மரத்துப் போவுது, ஒரு எட்டு நடந்துட்டு வரேன்.” திரும்பியதும் நேரே குளியலறைக்குள் நுழைவார். தலைக்கும் ஊற்றிக்கொண்டு, வேறு சட்டையில், வாசனை சோப்பு மணக்க வெளியே வருவார். அந்த நாட்களில் சாயங்காலமானால் அவளுக்கு இருமல் வரும். கொஞ்சம்தான். ஆனால் வரும். எங்கே போகிறார் என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் ‘இல்ல’ என்பார். இன்னொரு ‘இல்ல’யை வைத்துக்கொண்டு அந்தக் குழாய் நீளத்துக்குள் எங்கே ஒதுங்குவது?

தங்கை தொலைபேசியில் கூப்பிட்டபோது அவர் நடக்கப் போயிருந்தார். “வந்துரு அக்கா. என் வீடு தரையோட தரையா இருக்கு. வாசல்ல கால வெச்சாத் தெரு. ஏன் அந்தக் கூண்டுல கெடந்து சாகற?” என்றாள். மைக்கக்கா சரி என்றாள். சொன்ன பிறகுதான் எவ்வளவு சுலபமாக அந்தச் சொல் வந்தது என்று பயந்தாள்.

அன்று மாலை அவரிடம் சொன்னாள். “தங்கச்சி வீட்டுக்குப் போறேன்.”

அவர் காத்திருந்தார். போறேன் என்று யாரும் வாசலைத் தாண்டுவதில்லை. போயிட்டு வரேன் என்பதுதான் வழக்கம். அவள் மூச்சு வாங்குகிறாள், மீதியும் வரும் என்று அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இன்னொரு சொல்லுக்கு அவளிடம் மூச்சு இருந்தது. சொல்லவில்லை.

“எவ்ளோ நாளைக்கு?”

“தெரியல.”

“சரி,” என்றார். எழுந்து போய், துடைத்த தரையை மறுபடி துடைத்தார்.

கிளம்புகிற நாள் காலையில் மருந்து வாங்கி வருகிறேன் என்று வெளியே போனவர் வரத் தாமதமாயிற்று. கீழே தங்கையின் கார் வந்துவிட்டது. அவள் முட்டிவலிக்காரி, மாடி ஏறமாட்டாள். தெருவிலிருந்தே, “அக்கா!” என்று குரல் கொடுத்தாள். அப்புறம்தான் அவர் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார். குளிக்க நேரமில்லை. துணிப்பையைக் கொண்டு போய்க் காரில் வைத்தார். ஆக்சிஜன் இயந்திரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு மூன்று மாடி இறங்கினார். மறுபடி மேலே வந்தார். உறுமல் நின்றுபோன கூடத்தில் அவள் செருப்பை மாட்டிக்கொண்டு தயாராக நின்றிருந்தாள்.

“போலாமா?” என்றார்.

முதல் அடுக்கு பழகியதுதான். ஒரு படி, ஒரு மூச்சு. அவர் முன்னால், முகத்தை அவள் பக்கம் வைத்துப் பின்னோக்கி இறங்கினார், கைகள் இரண்டையும் அவளைத் தொடாமல் தொடுகிற தூரத்தில் விரித்துக்கொண்டு. இரண்டாம் அடுக்கில் கால் வைத்தபோது மனம் முந்திக்கொண்டது. தெருவின் சத்தம் கேட்டது. வாகனங்கள், யாரோ யாரையோ திட்டுவது, வெயிலின் சத்தம் என்றுகூடச் சொல்லலாம். எத்தனை நாளாயிற்று! கால் இரண்டு படியை ஒரே மூச்சில் இறங்கிவிட்டது. அப்புறம் இன்னும் இரண்டு. பேருந்து நிலையத்தில் கடைசி ஊர்ப்பெயரைச் சொல்கிறபோது வருமே ஒரு வேகம், அந்த வேகம்.

நடுத்திருப்பத்துக்கு வந்தபோது காற்று நின்றுவிட்டது.

சுவரில் முதுகைச் சாய்த்தாள். கைகளைத் தொடையில் ஊன்றினாள். கை வழுக்கியது. கைப்பிடிக் கம்பியில் முன்கையை வைத்துக் குனிந்தாள். கம்பி இடுப்புக்குக் கீழே இருந்தது. குனிந்தால் படிகளுக்கு நடுவே உள்ள இருட்டுக் கிணறு மேலே ஏறி வருவதுபோல் தலை சுற்றியது. அங்கிருந்த சன்னல் எட்டாத உயரத்தில் இருந்தது. அதில் ஒரு சதுர ஆகாயம் இருந்தது, அவ்வளவு காற்று, அத்தனையும் அந்தப் பக்கம். படியில் உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. உட்கார்ந்தால் எழ முடியாது. மேலே ஒன்றரை மாடி. கீழே ஒன்றரை மாடி. சுடர் எங்கே, சுடர் எங்கே என்று உதட்டைக் குவித்தாள். சுடர் அணைந்து புகைந்தது.

“என் மேல, என் மேல சாஞ்சுக்க,” என்று அவர் ஒரு படி கீழே இறங்கிப் பாதங்களை அகட்டி ஊன்றி நின்றார். தோள்கள் சரியான உயரத்துக்கு வந்தன. அவள் கைகளைப் போட்டாள். முகத்தைக் கொண்டு போனாள்.

தானியம். இறகு. புழுதி.

உள்ளே இருந்த கொஞ்சத்தையும் இருமல் பிடுங்கிக்கொண்டது. அவரைத் தள்ளினாள். தள்ளிய கையே விழுந்துவிடும் பயத்தில் அவரைப் பிடித்துக்கொண்டது. “என்ன? என்னம்மா? தண்ணி வேணுமா?” அவர் முகம் வெளுத்துவிட்டது. அவளிடம் ஒரு சொல்லும் இல்லை. அரைச் சொல்லும் இல்லை. அவர் சட்டைக் காலரை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தாள். கண்ணைப் பார்த்தாள்.

அவருக்குப் புரிந்தது. புரிந்தது முகத்தில் வந்து இறங்குவதை அவள் பார்த்தாள்.

“இன்னிக்கு மட்டும்தான் போனேன்,” என்றார். அவள் விரல்கள் காலரை விடவில்லை. “நேத்தும்,” என்றார். பிறகு குரல் உடைந்து, “தெனமும்.”

பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினார். அவசரத்தில் ஒன்று சிக்கியது. அதை அப்படியே பிய்த்தார். சட்டையைச் சுருட்டிக் கைப்பிடிக்கு அப்பால் எறிந்தார். உள்பனியனையும் தலைவழியே உருவி எறிந்தார். வீட்டுக்குள்கூடச் சட்டையில்லாமல் நடமாடாத மனிதர். அடுத்தவர் வாசலில் நிற்கிறவன் முழுக்கைச் சட்டை போட வேண்டும், காலர்ப் பொத்தானைப் பூட்ட வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே கிழவரானவர். பொதுப்படியில், நரைத்த மார்பும் தொங்கிய தோலுமாக, இரண்டு உள்ளங்கைகளாலும் கழுத்தையும் தோளையும் மாற்றி மாற்றித் துடைத்தார், தோலையே உரித்து எறிந்துவிடப் போகிறவரைப் போல. கீழ்வீட்டுக் கதவு ஒன்று திறந்தது. ஒரு தலை எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மறுபடி பாதங்களை அகட்டி ஊன்றினார்.

அவள் சாய்ந்தாள். முன்கைகள் அவர் தோளில், நெற்றி அவர் கழுத்தோரம். வேர்வை நாற்றம். வேர்வை மட்டும்தான். கையின் பாரத்தை அவர் தோள் வாங்கிக்கொண்டது. வயிறு தளர்ந்து முன்னால் வந்தது. விலா எலும்புகள் எங்கேயோ துருப்பிடித்த கீல்போல ஒரு தடவை அசைந்துகொடுத்தன. ஒரு நூலளவு காற்று உள்ளே வந்தது. உதட்டைக் குவித்து அதை அவர் முதுகின் பக்கமாக விட்டாள். இன்னொரு நூல். பிறகு ஒரு விரல் அகலம்.

கீழே கார் ஒலியெழுப்பியது. “அக்கா! என்னாச்சு? வரியா இல்லையா?”

அவள் கைக்குக் கீழே அவர் நெஞ்சு தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. ஆனால் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கல்போல நின்றது. அது ஏன் என்று அவளுக்கு முதலில் விளங்கவில்லை. தலையைக் கொஞ்சம் திருப்பிப் பார்த்தாள். அவர் வாயை இறுக மூடியிருந்தார். கன்னம் உப்பி, கண்ணில் நீர் கோத்து, முகம் கறுத்துக்கொண்டு வந்தது. தன் மூச்சுகூட அவள்மேல் பட்டுவிடக் கூடாதென்று, எவ்வளவு நேரமாகவோ, அடக்கிக்கொண்டு நின்றிருந்தார்.

சேர்த்து வைத்திருந்த முதல் மூச்சை அவள் எடுத்தாள்.

“விடுங்க,” என்றாள்.

அவர் தலையை ஆட்டினார், மாட்டேன் என்று.

“மூச்ச விடுங்க.”

விட்டார். அது நீளமாக, கிழிந்த துணிபோல, அவள் காதை உரசிக்கொண்டு போனது. சூடாக இருந்தது. அவர் தோள்கள் இறங்கின. அவற்றின்மேல் கிடந்த அவள் கைகளும் கூடவே இறங்கின. எட்டாத சன்னலிலிருந்து விழுந்த வெளிச்சத்தில் அவர் முதுகு பாதி தெரிந்தது, மயிர்க்கூச்செறிந்து, இறகு பிடுங்கிய தோல்போல, சின்னச் சின்னப் புள்ளிகளாக.